நன்றியை யாரிடம் செலுத்துவது?

நமக்கு வழிகாட்டியவர்கள் பெரும்பாலும் நாம் தலையெடுப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். திருப்பிச் செய்யும் வசதி நமக்கு வரும்போது வாங்கிக்கொள்ள அவர்கள் இருப்பதில்லை. படம் மாட்டுகிறோம், மாலை போடுகிறோம், ஆண்டுக்கொரு முறை நினைத்துக்கொள்கிறோம். ஆனாலும் கடன் தீர்ந்த நிம்மதி வருவதில்லை. இந்தக் கடனை எப்படித்தான் அடைப்பது? பல காலமாக மனத்தில் கிடந்த இந்தக் கேள்விக்கு, நியூபர்க் என்ற சிறிய அமெரிக்க நகரத்தின் பூங்கா ஒன்றில் எனக்கு ஒரு விடை கிடைத்தது.

நியூயார்க் மாநகரிலிருந்து வடக்கே சுமார் 60 மைல் தொலைவில், ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது நியூபர்க். மக்கள்தொகை முப்பதாயிரத்துக்கும் குறைவு. ஒரு காலத்தில் தொழிலால் செழித்து, பிறகு நொடித்துப்போன ஊர். சீரமைப்பு என்ற பெயரில் ஆற்றோரத்துப் பழைய தெருக்கள் பலவற்றை 1960களிலும் 70களிலும் இடித்துத் தள்ளினார்கள். இத்தனைக்கும் தப்பி, ஊரின் மேட்டுப் பகுதியில் 35 ஏக்கரில் நிற்கிறது டவுனிங் பூங்கா.

ஆண்ட்ரூ ஜாக்சன் டவுனிங் 1815-இல் இதே ஊரில் ஒரு நாற்றுப்பண்ணைக்காரரின் மகனாகப் பிறந்தவர். தோட்டக்கலை பற்றி அவர் எழுதிய நூல்கள் வசதி படைத்தவர்களின் வீடுகளில் விரும்பிப் படிக்கப்பட்டன. ஆனால் அவர் மனம் பொதுமக்கள் பக்கம் இருந்தது. அன்றைய அமெரிக்க நகரங்களில் காற்று வாங்கப் பொது இடம் அரிது. மரங்கள் சூழ்ந்த கல்லறைத் தோட்டங்களுக்குப் போய் மக்கள் உலாவினார்கள். கல்லறைக்கே இவ்வளவு பேர் வருகிறார்களென்றால் பூங்காவுக்கு வரமாட்டார்களா என்பது டவுனிங்கின் வாதம். ஏழையும் பணக்காரரும் ஒரே பாதையில் நடக்கும் இடம் குடியாட்சிக்குத் தேவை என்று தன் பத்திரிகையில் இடைவிடாமல் எழுதினார். நியூயார்க்குக்கு 500 ஏக்கருக்குக் குறையாத பூங்கா வேண்டுமென்று 1851-இல் கேட்டார். அடுத்த ஆண்டே, ஹட்சனில் நீராவிக் கப்பல் ஒன்று தீப்பிடித்த விபத்தில் இறந்துபோனார். வயது 36.

இங்கிலாந்திலிருந்து அவர் அழைத்துவந்த இளம் கட்டடக் கலைஞர் கால்வர்ட் வாக்ஸ். ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெட்டுக்கு வாக்ஸ் அறிமுகமானதும் டவுனிங் மூலம்தான். இந்த இருவரும் சேர்ந்து 1858-இல் தந்த திட்டமே நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவாக உருவெடுத்தது. வாக்ஸ் தன் மகனுக்கு டவுனிங் என்றே பெயர் வைத்தார். பல ஆண்டுகள் கழித்து நியூபர்க் நகரம் பூங்கா அமைக்க அவர்களை நாடியபோது, கட்டணம் வேண்டாம், பூங்காவுக்கு டவுனிங்கின் பெயரை மட்டும் வையுங்கள் என்றார்கள். பூங்கா 1897-இல் திறக்கப்பட்டபோது வாக்ஸ் உயிரோடு இல்லை. ஓம்ஸ்டெட் நோயுற்று ஒதுங்கிவிட்டார். அவர்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை இதுதான்.

நான் போனது ஒரு ஞாயிறு மாலை. நடைபாதை எங்கும் நேராகப் போவதில்லை. சரிவோடு சரிவாக வளைந்து இறங்குகிறது. வளைவு திரும்பும்வரை குளம் கண்ணில் படாது. குளக்கரைத் தூண்பந்தலின் கீழே ஸ்பானிஷ் பேசும் ஒரு குடும்பம் பாத்திரங்களைத் திறந்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பாட்டி ஒருவர் பேரனின் சட்டையில் சிந்தியதைத் துடைத்துவிட்டு, மறுபடியும் ஊட்டினார். அவர்களுக்கு டவுனிங் யாரென்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. வாக்ஸும் ஓம்ஸ்டெட்டும் பட்ட கடன் அந்தப் பந்தலின் கீழே இன்றும் செலுத்தப்பட்டுக்கொண்டிருக்கிறது என்றே எனக்குத் தோன்றியது.

டவுனிங்குக்கு ஒரு சிலை வைத்திருக்கலாம். அது அவர் முகத்தைக் காட்டியிருக்கும். இவர்களோ அவர் ஆசையை நிறைவேற்றினார்கள். டவுனிங் வாழ்ந்த வீடு இன்று இல்லை. மற்றவர்களுக்காக அவர் ஆசைப்பட்டது மட்டும் நிலத்தில் வேரோடி நிற்கிறது.

பள்ளி நாட்களில் காசு வாங்காமல் மாலை வேளைகளில் எனக்குக் கணக்குச் சொல்லித் தந்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் பெயரில் பரிசுக் கோப்பை ஒன்று வழங்கலாம் என்று நினைத்ததுண்டு. ஆனால் அவர் விரும்பியது கோப்பையை அல்ல, கணக்கைக் கண்டு எந்தப் பிள்ளையும் பயந்து ஒதுங்கக் கூடாது என்பதைத்தான். அப்படியானால் அவருக்குரியதை நான் கொடுக்க வேண்டியது, அவரைப் பார்த்தேயிராத ஒரு பிள்ளையிடம்.

இறந்தவருக்கு நம்மிடமிருந்து எதுவும் தேவையில்லை. ஆனால் அவர் யாருக்காகக் கவலைப்பட்டாரோ, அவர்களுக்குத் தேவை இன்னும் இருக்கிறது. நன்றி போய்ச் சேர வேண்டிய முகவரி அதுதான்.