தேரை நிறுத்தத் தெரிந்த ஊக்கம்

மனிதன் ஓர் இலக்கை நெஞ்சில் வைத்து, அதை எய்தும்வரை ஓயாது உழைக்கின்றானே, அவனை உந்தும் ஆற்றல் யாது? ஆசையா, புகழா, வறுமையா, கடமையா? ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் ‘ஊக்கம்’ என்னும் தலைப்பில் இதனைப் பாடமாகப் படித்தேன். பரிசும் பாராட்டும் போட்டியும் மாணவனை முன்னேற்றும் என்று எழுதித் தேர்வும் பெற்றேன். எழுபது வயதைக் கடந்த இந்நாளில் அவ்விடை பாதியளவே என்று உணர்கின்றேன். மறுபாதியைத் திருமலையில் நின்று சிந்தித்தபோதுதான் அறிந்தேன்.

ஆரணிப் பகுதியில், போளூர் வட்டத்தில் அமைந்த திருமலை நம்மவர் அனைவரும் அறிந்த தலம். இராசராச சோழனின் தமக்கையார் குந்தவையார் எடுப்பித்த ஜினாலயமும், பாறையில் வடித்த சுமார் 16 அடி உயரமுள்ள ஸ்ரீ நேமிநாத பகவானின் திருவுருவமும் அங்குள்ளன. முதலாம் இராசேந்திர சோழனின் புகழ்பெற்ற கல்வெட்டு ஒன்றும் அங்கு உண்டு; ஏறத்தாழ 1025-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வனவாசி, ஈழம், கோசல நாடு, வங்காள தேசம், கங்கை என்று அரசனின் வெற்றிகளை அதன் மெய்க்கீர்த்தி அடுக்கிச் சொல்லும். வரலாற்றறிஞர்கள் அதனைப் போற்றுவது இதனாலேயே.

ஆயினும் அக்கல்வெட்டு பொறிக்கப்பட்ட காரணம் வேறு. மல்லியூரில் வாழ்ந்த நன்னப்பயன் என்னும் வணிகரின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்தில் ஒரு நந்தாவிளக்கு எரிவதற்கு 20 காசும், திருவமுதுக்கு 10 காசும் அளித்தார். அதைப் பதிவு செய்யவே கல்லில் உளி பட்டது. கங்கைவரை படை நடத்திய பேரரசனின் இலக்கும், ஒரு விளக்கு அணையாதிருக்க வேண்டும் என்று விழைந்த பெண்மணியின் இலக்கும் ஒரே கல்லில் இடம்பெற்றுள்ளன.

அரசனை உந்தியது புகழாசை, அம்மையாரை உந்தியது அறவுணர்வு என்று எளிதாகத் தீர்ப்புக் கூறிவிடலாம். அது முறையாகுமா? அரசனின் உள்ளத்தில் கடமையுணர்வும் இருந்திருக்கலாம். தம் பெயர் கல்லில் நிலைக்க வேண்டும் என்ற சிறு விருப்பம் அம்மையாருக்கும் இருந்திருக்கலாம். பிறர் நெஞ்சத்தை நாம் அறியோம். நம் நெஞ்சத்தையே முழுதும் அறியோம். ஆசை வினையைச் சேர்க்கும் என்பதால் இலக்கே வேண்டா என்பதும் பொருந்தாது. வீடுபேறும் ஓர் இலக்குத்தானே? இல்லறத்தார்க்கு நம் அறநூல்கள் விதித்தது பொருளாசைக்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்ளும் விரதமே. அவ்வாறாயின் நம்மை உந்தும் விசை நல்லதா தீயதா என்பதை எவ்வாறு அறிவது?

அதற்குரிய விடை அம்மலையிலேயே, பகவானின் வரலாற்றில் உள்ளது. இராஜமதியை மணப்பதற்காக நேமிநாதர் தேரில் சென்றுகொண்டிருந்தார். திருமண விருந்துக்கென அடைத்து வைக்கப்பட்ட விலங்குகளின் கதறல் வழியில் அவர் செவியில் விழுந்தது. காரணத்தைத் தேர்ப்பாகனிடம் கேட்டறிந்தார். அக்கணமே மணத்தைத் துறந்து ஊர்ஜயந்தகிரியை நோக்கிச் சென்றார். அவ்வொலியை அன்று கேட்டவர் அவர் ஒருவர் மட்டுமா? மண ஊர்வலத்தில் வந்த எத்தனையோ பேரின் காதுகளிலும் அது விழுந்திருக்கும். தேரை நிறுத்தியவர் ஒருவரே.

இக்காலத்து உளவியலாரும் இதனை ஆராய்ந்துள்ளனர். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் டார்லி, பேட்சன் என்னும் இருவர் நடத்திய ஆய்வு 1973-இல் வெளியாயிற்று. கிறித்தவ இறையியல் பயிலும் 40 மாணவர்களை ஒருவர்பின் ஒருவராக வேறொரு கட்டடத்திற்குச் சென்று உரையாற்றுமாறு அனுப்பினர். வழியில் ஒரு மனிதர் குனிந்து, இருமி முனகியவாறு கிடந்தார். அவசரமின்றிச் சென்றோரில் 100-க்கு 63 பேர் உதவினர். “நேரமாகிவிட்டது, விரைந்து செல்க” என்று அனுப்பப்பட்டோரில் 100-க்கு 10 பேரே உதவினர். அம்மாணவர்களில் ஒரு பகுதியினர் பேசவிருந்த பொருளோ, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்லவனின் கதை! அவர்கள் கொடியவர் அல்லர். விரைவே அவர்தம் செவியை அடைத்தது.

இதனைப் பிறர் கதையாக நான் சொல்லவில்லை. என் வகுப்பில் பட்டு நெசவாளர் ஒருவரின் மகன் பயின்றான், கூரிய அறிவுடையவன். “முதலிடம் உன்னுடையதாக வேண்டும்” என்று நாள்தோறும் அவனைத் தூண்டினேன். முதலிடம் பெற்றான், பொறியாளனும் ஆனான். பல ஆண்டுகள் கழித்து என்னைக் காண வந்தவன், “அம்மா, நான் படிப்பதற்காக என் தங்கை பள்ளியை விட்டு நின்று, வீட்டில் தார் சுற்றினாள். அன்று நானும் அதைக் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை” என்றான். குற்றம் சாட்டும் குரலில் அவன் சொல்லவில்லை. ஆயினும் என்னால் மறுமொழி கூற இயலவில்லை. ஏனெனில் ஏழாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் அப்பெண்ணின் பெயரைச் சிவப்பு மையால் அடித்தவள் நானே. ஏன் நின்றாள் என்று ஒருமுறைகூட நான் விசாரிக்கவில்லை. என் கவனமெல்லாம் அவள் அண்ணனின் மதிப்பெண்ணிலேயே இருந்தது.

பின்னர் அவளைக் காணச் சென்றேன். தறியருகே இருந்தவள் எழுந்து வந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, மோர் கொடுத்து உபசரித்தாள். குறையாக ஒரு சொல்லும் அவள் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க வந்த எனக்கு அதுவே பெரும் பாரமாயிற்று.

பெற்றோர்களே! நம் பிள்ளைகள் உயர்ந்த இலக்குகளைக் கொள்ளட்டும். மருத்துவராகட்டும், ஆட்சிப் பணியில் அமரட்டும், வெளிநாடும் செல்லட்டும். “எவ்வளவு மதிப்பெண்?” என்று கேட்கும் நாம், “உன் படிப்பிற்காக இவ்வீட்டில் யார் எதை விட்டுக்கொடுக்கிறார்கள், தெரியுமா?” என்றும் ஒருமுறை கேட்போம். அதே கேள்வியை நம்மை நோக்கியும் கேட்டுக்கொள்வோம். ஓடும் வேகத்தைக் கொண்டு ஓர் ஊக்கத்தின் தரத்தை அளக்க இயலாது. வழியில் ஓர் உயிரின் குரல் கேட்டால் அது நிற்குமா என்பதே அளவுகோல். நிற்க அறிந்த ஊக்கம் எதை அடைந்தாலும் பிறர்க்குத் துன்பம் ஆகாது.

அடுத்த முறை திருமலைக்குச் செல்லும்போது, பகவானின் திருமுன் நின்று, நம் தேர் எதை நோக்கி ஓடுகிறது, எக்குரலைக் கடந்து ஓடுகிறது என்று சிந்திப்போமாக.