யாருக்காக இந்தப் படம்?



சில மாதங்களுக்கு முன் நோயாளிகளைச் சந்திக்கப் போயிருந்தபோது, ஒரு வீட்டில் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். "சாமி, அப்பாவுக்குப் புற்றுநோயின்னு தெரியாதுங்க. நெறி கட்டியிருக்குன்னுதான் சொல்லி வச்சிருக்கோம். நீங்களும் அப்படியே பேசிடுங்க" என்றார் மூத்த மகன். இப்படி வாசலில் நிறுத்தப்படுவது எனக்குப் பழக்கமானதுதான். ஆனால் அன்று அவர் கையில் ஒரு தாள் இருந்தது. தூரத்து ஊரிலுள்ள மருத்துவமனையில் கொடுத்த சம்மதத் தாள். சிகிச்சைக்கு வேண்டிய ஸ்கேன் போக, ஆராய்ச்சிக்காக இன்னொரு ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாமா என்று அதில் கேட்டிருந்தார்கள். "அப்பாவுக்குப் பதிலா நானே கையெழுத்துப் போட்டுடலாமுங்களா?" என்று கேட்டார்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. வீடு திரும்பியபின் அதைப்பற்றிப் படித்தேன், யோசித்தேன். அந்தச் சிந்தனையையே இவ்வாரம் உங்கள் முன் வைக்கிறேன். கொஞ்சம் சுற்றி வரவேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புற்றுநோய்க்கு ஒரு புதுவிதச் சிகிச்சை வந்திருப்பதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். கார்-டி சிகிச்சை என்பார்கள். நம் இரத்தத்தில் டி அணுக்கள் என்று ஒருவகைக் காவல் அணுக்கள் உண்டு. நோயாளியின் இரத்தத்திலிருந்தே அவற்றைப் பிரித்தெடுத்து, தீங்கு செய்ய முடியாதபடி மாற்றிய ஒரு வைரஸின் மூலம் அவற்றினுள் ஒரு புது மரபணுவைச் செலுத்துகிறார்கள். அதன்பின் அந்த அணு புற்றணுவை அடையாளம் கண்டு தாக்கும். இவ்விதம் மாற்றிய அணுக்களைப் பெருக்கி, நரம்பு வழியாக நோயாளிக்கே திரும்ப ஏற்றுகிறார்கள். நம் தேசத்திலேயே மும்பை ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து இதை உருவாக்கின. 2023 அக்டோபரில் அரசு அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரல் 4-ந் தேதி குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு மும்பையில் அதைத் தொடங்கி வைத்தார். அயல்நாட்டில் கோடிக்கணக்கில் ஆகும் செலவு இங்கே ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்கிறார்கள். அதுவும் பல லட்சம் ரூபாய்தான். நம்மில் எத்தனை பேருக்கு எட்டும் என்பது வேறு கேள்வி.

"மனுஷனையே மாத்துற வேலையாச்சே, இது சரியா?" என்று ஒரு தாய் கேட்டார்கள். அச்சம் வேண்டாம். மாற்றப்படுவது இரத்தத்தின் சில அணுக்களே. அம்மாற்றம் பிள்ளைகளுக்குப் போவதில்லை. தன் சொந்த இரத்தத்தால் ஒருவன் குணமடைவதில் குற்றமில்லை.

சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. ஏற்றிய அணுக்கள் உடலுக்குள் எங்கே போகின்றன? நாமக்கல் லாரி உரிமையாளரைக் கேளுங்கள். முன்பெல்லாம் வண்டி சரக்கேற்றிப் புறப்பட்டால், டிரைவர் வழியில் எங்காவது நின்று பேசினால்தான் சேதி. இப்போது வண்டியில் ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது, வண்டி நாகபுரியைத் தாண்டிவிட்டதா, தாபாவில் நிற்கிறதா என்று வீட்டுத் திண்ணையிலிருந்தே பார்க்கிறார். கார்-டி அணுக்களோ ஜி.பி.எஸ். இல்லாத லாரிகள். இரத்தத்தைச் சோதித்தால் எத்தனை அணுக்கள் ஓடுகின்றன என்று தெரியும். எந்த இடத்தில் இறங்கியிருக்கின்றன என்று தெரியாது. வழக்கமான பெட் ஸ்கேனும் இதற்குப் போதாது. அது சர்க்கரையை அதிகம் தின்னும் இடங்களை ஒளிரச் செய்து காட்டும். புற்றணுவும் சர்க்கரை தின்னும். அதோடு போரிடும் காவல் அணுவும் தின்னும். படத்தில் தெரியும் ஒளி, கட்டி வளர்வதாலா, கட்டியின்மேல் படையெடுப்பு நடப்பதாலா? பல சமயம் மருத்துவருக்கே திகைப்பு.

இது வீண் ஆவல் அல்லவென்பதற்கு ஒரு துயரமான சாட்சி உண்டு. 2010-ல் அமெரிக்க மருத்துவர்கள் அதை ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள். குடல் புற்றுநோய் ஈரலுக்கும் நுரையீரலுக்கும் பரவிய ஒரு பெண்ணுக்கு, மாற்றப்பட்ட அணுக்கள் சுமார் 1,000 கோடி ஏற்றப்பட்டன. கால்மணி நேரத்துக்குள் மூச்சுத் திணறல். ஐந்து நாளில் இறந்துபோனார். ஏற்றிய அணுக்கள் முதலில் நுரையீரலைச் சென்றடைந்து, அங்கே நல்ல அணுக்களின் மேலிருந்த சிறிதளவு அடையாளத்தையே பகையென்று எண்ணித் தாக்கியிருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. போகுமிடம் தெரியாமல் படையை அனுப்புவதன் ஆபத்து இது.

இதற்கு வழி தேடியவர்களில் ஒருவர் சஞ்சீவ் கம்பீர். அம்பாலாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் கதிர்ப்படத் துறையின் தலைவராயிருந்தவர். அவரும் உடனுழைத்தவர்களும் செய்த உபாயம் இது: உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸின் மரபணு ஒன்றையும் சேர்த்து அணுக்களுக்குள் வைத்தார்கள். கதிர்வீசும் ஃபுளோரின் கலந்த ஒரு மருந்தை ஊசியில் ஏற்றினால், அந்த மரபணு உள்ள அணுக்களில் மட்டும் அது சிக்கிக்கொள்ளும். பெட் கருவியில் அவ்விடம் ஒளிரும். அந்த ஃபுளோரினின் வீரியம் 110 நிமிஷத்துக்கொருமுறை பாதியாகக் குறைந்துவிடும். அணுக்கள் எல்லைமீறினால், அதே அடையாளத்தைக் கொண்டே வேறொரு மருந்தால் அவற்றை அழிக்கவும் முடியும். லாரியைத் தேடவும் நிறுத்தவும் ஒரே கருவி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2009-ல் முதல் அறிக்கை வந்தது. மூளையில் மிகக் கொடிய புற்றுக்கட்டி கண்ட 57 வயது மனிதர் ஒருவருக்கு, கட்டியை வெட்டியெடுத்த இடத்தில் அந்த அணுக்கள் விடப்பட்டன. படத்தில் அவ்விடமும், அதற்கு அப்பால் மூளையின் வேறொரு பகுதியும் ஒளிர்ந்தன. அணுக்கள் தாமாகவே பயணம் செய்திருந்தன! 2017-ல் மேலும் ஏழு நோயாளிகளைப்பற்றி எழுதினார்கள். இவ்வளவும் இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளது. நம் ஊர் நோயாளிக்கு இதை எழுதிக் கொடுப்பாரில்லை. இதே மூளைப் புற்றுக்குத் தம் மகனைப் பதினாறு வயதில், 2015-ல், பறிகொடுத்தார் கம்பீர். 2020-ல் அவரும் புற்றுநோயால் இறந்தார்.

இப்போது அந்த 57 வயது மனிதரை நினைத்துப் பாருங்கள். அந்தப் படம் அவரைக் குணப்படுத்த எடுக்கப்பட்டதல்ல. அணுக்களைக் காண முடியுமா என்று அறிய எடுக்கப்பட்டது. தலையில் மரணத்தைச் சுமந்துகொண்டு, கொஞ்சம் கதிர்வீச்சையும் ஏற்று, அசையாமல் அந்தக் கருவிக்குள் படுத்திருந்தார். யாருக்காக? தாம் ஒருபோதும் காணப்போகாத நோயாளிகளுக்காக. இது நியாயமா?

பாப்பரசர் 12-ம் பத்திநாதர், 1952 செப்டம்பர் 14-ந் தேதி, நரம்பு நோய் ஆராய்ச்சியாளர் மாநாட்டுக்கு ஆற்றிய உரையில் இக்கேள்வியைத் தொட்டார். அறிவு வளரவேண்டும் என்பது நல்ல நோக்கம். சமுதாய நன்மையும் நல்ல நோக்கம். ஆயினும் இவ்விரண்டும் சேர்ந்தாலும் ஒரு மனிதன்மேல் வைத்தியனுக்கு உரிமை தந்துவிடாது. நோயாளி கொடுக்கும் அளவே அவனுக்கு உரிமை; நோயாளியும் தன் சரீரத்தைத் தன் இஷ்டம்போல் அழித்துக்கொள்ளும் எஜமானன் அல்ல, பயன்படுத்துகிறவனே. கை என்பது உடலுக்காகவே இருக்கிறது. மனிதன் ஊருக்காக மட்டும் இருப்பவனல்ல. இதுவே அவ்வுரையின் சாரம். போர்க்காலத்தில் கைதிகள்மேல் வைத்தியர்கள் நடத்திய கொடுமைகள் அப்போது உலகத்தின் நினைவில் பசுமையாயிருந்தன.

ஆகவே சிறு கெடுதலையே விளைவிக்கும் ஒரு படத்துக்கு ஒருவர் மனமுவந்து இசைந்தால், அது கொடை. இசைவில்லாமல் எடுத்தால், அது எடுப்பவன் எவ்வளவு நல்லவனாயினும், களவு. இதுவரை எனக்குத் தெளிவு. நம் சட்டமும் இதற்கு ஒத்தே இருக்கிறது. 2019-ம் வருஷத்து மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, சம்மதம் சொல்ல இயலாதவருக்கு மட்டுமே வேறொருவர் கையெழுத்திடலாம்.

ஆனால் அந்தப் பெரியவர் நினைவிழந்தவரல்லவே! காலையில் எழுந்து தினத்தாள் படிப்பவர். சம்மதம் சொல்ல இயலாதவராக அவரை ஆக்கியது நோயல்ல, நாம்தான். தனக்கு நெறி கட்டியிருக்கிறது என்று நினைப்பவர், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு எப்படி இசைவார்? எப்படி மறுப்பார்?

பெற்றோரைக் காக்க வேண்டுமென்ற அன்பினால்தான் மறைக்கிறீர்கள். அதை நான் அறிவேன். நெஞ்சுறுதி இல்லாதவருக்கு உண்மையை ஒரேயடியாகக் கொட்டுவது கொடுமையே. நாளும் வேளையும் பார்த்து, அவர் கேட்கும் அளவுக்குச் சொல்வது விவேகம். ஆனால் கேட்கிறவருக்கும் சொல்லாமல், அவர் பெயரில் தீர்மானங்களை எடுத்துக்கொண்டே போவது விவேகமல்ல. அவர் சரீரத்துக்குள் அணு எங்கே போகிறதென்று உலகமே பார்க்கலாம், அவர் மட்டும் பார்க்கக்கூடாது என்றால், அது என்ன நீதி?

அடுத்த வாரம் போய், அந்த மகனிடம் கையெழுத்துப் போடவேண்டாம் என்று சொன்னேன். முகம் வாடிவிட்டது. இரண்டு நாள் கழித்து அவரே என்னைக் கூப்பிட்டனுப்பினார். மகன், நான், பெரியவர் மூவரும் திண்ணையில் உட்கார்ந்திருக்க, மகன் மெதுவாகச் சொன்னார். பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. "எனக்கு அப்பவே தெரியுமுங்க சாமி. இவங்க பயந்துக்குவாங்கன்னுதான் நான் கேட்கலீங்க" என்றார். இருவரும் ஒருவரையொருவர் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், ஆறு மாதமாக!

பிறகு தாளைப்பற்றிக் கேட்டார். "அந்தப் படத்தாலே எனக்கு ஏதாச்சும் ஆகுமுங்களா?" இல்லை என்றோம். "பின்னாலே வர்றவங்களுக்கு?" ஆகலாம் என்றோம். தாளை மடித்து மகனிடம் கொடுத்தார். "இந்தத் தடவை வேண்டாமுங்க. பட்டினியோட அவ்வளவு தூரம் வண்டியிலே என்னாலே போகமுடியாது." அவ்வளவுதான். ஒருவர் தன்னலக்காரர் என்று நினைக்கலாம், நான் நினைக்கவில்லை. மறுக்க முடியாதவன் கொடுப்பது கொடையாகாது.

அன்று மாலை வேறொன்று நடந்தது. பாவசங்கீர்த்தனத்தில் அல்ல, திண்ணையில் எல்லோர் முன்னிலும் அவர் சொன்னது. குடும்பத்தாரின் அனுமதியோடே எழுதுகிறேன். வாலிப வயதில் இரண்டு லாரி வைத்திருந்தார். அவருடைய வண்டியில் விபத்துக்குள்ளாகி இறந்த டிரைவர் ஒருவரின் மனைவிக்குச் சேரவேண்டிய பணத்தில் ஒரு பகுதியைக் கொடுக்காமலே விட்டுவிட்டாராம். பிள்ளைகளில் ஒருவருக்கும் அது தெரியாது. "நாள் இருக்கு, பார்த்துக்கலாமுன்னு இருந்துட்டேன்" என்றார். அந்த அம்மாள் இப்போதும் மோகனூர்ப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார்கள். மறுநாள் காலை மூத்த மகன் வண்டியெடுத்துக்கொண்டு போனார். பெரியவரும், வேண்டாமென்று தடுத்தும் கேளாமல், முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.