ஹோல்டான்

அப்பாவின் வலது கால் இன்னும் பிரேக் மிதித்துக்கொண்டுதான் இருக்கிறது. அவர் உட்கார்ந்திருப்பது பக்கத்து சீட்டில். காலுக்கடியில் ரப்பர் மேட்டைத் தவிர ஒன்றுமில்லை. ஆனாலும் முன்னால் போகும் டிப்பரின் சிவப்பு விளக்கு எரிந்த மாத்திரத்தில் பாதம் அழுந்திவிடுகிறது. அழுத்தி அழுத்தி அந்த மேட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் வழவழப்பாகிவிட்டது. முப்பத்தோரு வருஷம் அரசு பஸ் ஓட்டிய கால் அது.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அப்பாவின் சர்வீஸில் கடைசி பன்னிரண்டு வருஷம் பெரும்பாலும் இந்த ரூட்தான். இப்போது ஒரு கண்ணில் பார்வை மங்கிவிட்டது. லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நான் ஓட்ட, மாமல்லபுரத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போய்வருகிறோம். நான் நாற்பத்து மூன்றாவது வயதில் கார் கற்றுக்கொண்டவள். போன வருஷம் லோன் போட்டு ஒரு புதுக் கார் வாங்கினேன்.

அந்தக் காருக்குக் கண் உண்டு. முன் கண்ணாடியின் உச்சியில் ஒரு கேமரா, முன் பம்பருக்குள் ஒரு ரேடார். ரேடார் 77 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்து முன்னால் இருப்பது எத்தனை தூரம், எத்தனை வேகம் என்று கணக்குப் போடுகிறது. கேமரா ரோட்டின் வெள்ளைக் கோட்டைப் படிக்கிறது, ஆள், சைக்கிள், கார், லாரி என்று பிரித்துப் பார்க்கிறது. மோதிவிடுவேன் என்று தோன்றினால் முதலில் கத்தும். நான் கேட்கவில்லை என்றால் தானே பிரேக் போடும். கோட்டை விட்டு விலகினால் ஸ்டீயரிங்கை மெல்ல இழுத்து உள்ளே கொண்டுவரும்.

ஆக, வண்டியில் எனக்கு எச்சரிக்கை சொல்ல இரண்டு பேர். கார் 'பீப்' என்கிறது. அப்பா "பாத்துமா" என்கிறார்.

கார் கத்தினால் உடனே காலை எடுக்கிறேன். அப்பா சொன்னால் "தெரியும்ப்பா, பாத்துட்டேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்கிறேன். ஒருநாள் வீடு திரும்பி வண்டியைப் பூட்டும்போது இது எனக்கு உறைத்தது. ஒரே ஆபத்தை இருவர் சொல்கிறார்கள். பெற்று வளர்த்தவர் சொன்னால் கோபம் வருகிறது, பேட்டரியில் ஓடும் ஒரு பெட்டி சொன்னால் கட்டுப்படுகிறேன். ஏன்?

யோசித்துப் பார்த்தால், பீப்புக்கு ஞாபகம் கிடையாது. அடுத்த நிமிஷம் அது எல்லாவற்றையும் மறந்துவிடும். மத்தியானம் சாப்பிடும்போது அத்தையிடம் "இன்னைக்கு ஒரு டிவிஎஸ் மேல ஏத்தப் பாத்தா" என்று சொல்லாது. அப்பாவின் "பாத்து"வுக்குப் பின்னால் நான் மூன்று வயதில் கிணற்றடியில் எட்டிப் பார்த்ததிலிருந்து எல்லாம் இருக்கிறது. அந்த ஒரு சொல்லில் நான் மறுபடி சிறுமியாகிவிடுகிறேன். அதோடு இது என் சம்பளத்தில், என் பெயரில், என் கையெழுத்தில் வந்த முதல் பெரிய பொருள். அந்த சீட்டில் உட்காரும்போது எனக்கு மேலே ஒருவரும் இருக்கக்கூடாது என்று உள்ளே ஏதோ ஒன்று அடம்பிடிக்கிறது. காரை வாங்கும்போது இந்த அடத்தையும் சேர்த்தேதான் வாங்குகிறோம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

பெட்டி சொன்னால்கூடப் பொறுக்காதவர்கள் இருக்கிறார்கள். பெல்ட் போடாவிட்டால் கூவும் மணி, ரிவர்ஸ் எடுக்கும்போது கூவும் சென்சார், 80-ஐத் தாண்டினால் அவ்வப்போதும் 120-ஐத் தாண்டினால் விடாமலும் ஒலிக்கும் வேக எச்சரிக்கை, இவை மூன்றும் 2019 ஜூலை 1 முதல் தயாரான கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டன. அந்த பெல்ட் மணியின் வாயை அடைக்க ஒரு சின்ன உலோக கிளிப் சந்தையில் விற்றது. பெல்ட் மாட்டும் துளையில் அதைச் செருகிவிட்டால் போதும், பெல்ட் போட்டதாகக் கார் நம்பிவிடும். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய வணிக நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டு, அந்த கிளிப்பின் 13,118 விற்பனைப் பக்கங்களை நீக்க வைத்தது. காசு கொடுத்து ஓர் எச்சரிக்கையை ஊமையாக்குகிறோம். அதுவும் நம் உயிருக்காகச் சொல்லும் எச்சரிக்கையை.

இதை அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு அது புரியவே இல்லை. "விசில் இல்லாம எப்படிம்மா வண்டி எடுக்கிறது?" என்றார்.

அப்போதுதான் அவருடைய முப்பத்தோரு வருஷம் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. பஸ் ஓட்டுநர் தனியாக ஓட்டியதே இல்லை. ஸ்டாப்பில் நின்றால், கண்டக்டர் விசில் அடித்தால்தான் பஸ் நகரும். படியில் கால் வைத்த கிழவி முழுசாக ஏறிவிட்டாளா, இறங்கிய பையனின் புத்தகப்பை கதவில் மாட்டிக்கொண்டதா, இதெல்லாம் டிரைவர் சீட்டில் இருப்பவருக்குத் தெரியாது. பின்னால் இருப்பவரின் கண்தான் அவருக்குக் கண். டெப்போவில் ரிவர்ஸ் எடுத்தால் கண்டக்டர் இறங்கிப் பின்னால் நின்று, தகரத்தைத் தட்டித் தட்டி "வா, வா, வா, ஹோல்டான்" என்பார். அந்தத் தட்டலின் வேகத்தை வைத்தே இன்னும் எத்தனை அடி இருக்கிறது என்று அப்பா சொல்லிவிடுவாராம். லாரியில் இதே வேலையைக் கிளீனர் பையன் இடது பக்கக் கதவில் தொற்றிக்கொண்டு செய்வான். காரில்தான் ஓட்டுபவர் தனி ஆளானார். இப்போது நாம் அதிசயமாகப் பார்க்கும் இந்த சென்சார்கள் எல்லாம் ஒரு காலத்தில் காக்கிச்சட்டை போட்டு, தோளில் தோல்பை மாட்டி, சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தன.

அதற்காகக் காரின் கண்ணைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. மார்கழியில் ஒருநாள் கோவளம் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்துகொண்டிருந்தோம். சென்டர் மீடியன் இடைவெளியிலிருந்து ஒரு பைக் குறுக்கே நுழைந்தது. என் கால் ஆக்ஸிலேட்டரை விட்டு எழுவதற்குள் கார் தானே நின்றுவிட்டது. பெல்ட் நெஞ்சை அறுத்தது. பைக்கில் இருந்த பையன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். அவன் உயிரோடு இருக்கிறான், நானும் ஒருவரைக் கொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். அந்தக் கடனை என்னால் மறக்க முடியாது. 2022-ல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அதில் இருசக்கர வண்டியில் போனவர்கள் 44.5 சதவீதம், நடந்துபோனவர்கள் 19.5 சதவீதம். செத்தவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்குப் பேர் இரும்புக் கூட்டுக்கு வெளியே இருந்தவர்கள். அந்த வருஷம் விபத்து எண்ணிக்கையில் முதலில் நின்ற மாநிலம் நம்முடையது. 64,105 விபத்துகள். இந்த வசதி விலை உயர்ந்த வண்டியோடு நின்றுவிடாமல் எல்லா வண்டிக்கும், முக்கியமாக லாரிக்கும் பஸ்ஸுக்கும் வர வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

அன்று வண்டி நின்றதும் அப்பா டேஷ்போர்டில் ஊன்றிய இரண்டு கைகளையும் மெல்ல எடுத்தார். "நல்லது பண்ணுச்சு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பின்னாடி பாத்துச்சா?" என்று கேட்டார்.

கண்ணாடியில் பார்த்தேன். ஒரு வேன் எங்கள் டிக்கியை ஒட்டி நின்றிருந்தது. அதன் டிரைவர் முகத்தில் ரத்தமே இல்லை. என் கார் பின்னால் பார்த்துவிட்டு பிரேக் போடவில்லை, முன்னால் இருப்பதை மட்டும் பார்த்துப் போட்டது. அப்பா பிரேக்கில் கால் வைக்குமுன் கண் மேலே இருக்கும் கண்ணாடிக்குப் போய்வரும். அவருக்குப் பின்னால் ஐம்பது பேர் நின்றிருப்பார்கள். பிடித்துக்கொள்ளக் கம்பி எட்டாத பள்ளிக்கூடப் பிள்ளைகள், இடுப்பில் குழந்தை வைத்தவர்கள். பட்டென்று பிரேக் அடித்தால் அத்தனை பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். அதனால் அவர் பிரேக் போடும் வேலை நூறடி முன்னாலேயே ஆரம்பித்துவிடும். ஆபத்து வந்தபின் நிறுத்துவது ஒரு திறமை. வருவதற்கு முன்னாலேயே மெதுவாகிவிடுவது வேறு திறமை. அதற்கு எதிரே இருக்கும் மனிதர்களை முன்பின் பழகியிருக்க வேண்டும்.

திருக்கழுக்குன்றத்துக்கு முன்னால் ஒரு ஸ்டாப்பில் பஸ் நின்றிருந்தது. நான் ஒதுங்கித் தாண்டப் போனேன். "ஸ்லோ, ஸ்லோ. கால் தெரியுதும்மா" என்றார் அப்பா. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எரிச்சலோடு காலை எடுத்தேன். பஸ்ஸின் மூக்குக்கு முன்னாலிருந்து தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பெண் வெளிப்பட்டார். புல் முகத்தை மறைத்திருந்தது, இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வழியே இல்லை. கார் கத்தவே இல்லை, கத்தும்படி எதுவும் நடக்கவும் இல்லை. அப்புறம் அப்பா சொல்லிக் கொடுத்தார். நிற்கும் பஸ்ஸைத் தாண்டும்போது அதன் அடியில் பார்க்க வேண்டும். முன் சக்கரத்துக்கு முன்னால், தார் ரோட்டுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு கீற்று வெளிச்சம் தெரியும். அந்த வெளிச்சத்தில் இரண்டு கறுப்பு அசைந்தால், ஆள் கடக்கிறார். அன்றுமுதல் நானும் பார்க்கிறேன். கொலுசுக் கால்கள், ரப்பர் செருப்பு, ஒருமுறை கன்றுக்குட்டியின் நாலு கால்.

காரும் எனக்கு ஒன்று சொல்லிக் கொடுத்திருக்கிறது. ஆரம்பத்தில் ஓரமாகப் போகும் சைக்கிள்காரருக்கு இடம்விட்டு விலகும்போதெல்லாம் ஸ்டீயரிங் என் கையை எதிர்த்து உள்ளே இழுத்தது. கோட்டைத் தாண்டுகிறேனாம். பெரியவர் ஒருவர் பக்கம் வண்டி போகப் பார்த்ததும் பதறி, அந்த வசதியையே அணைத்துவிட்டேன். பிறகு கையேட்டைப் படித்தபோது புரிந்தது: இன்டிகேட்டர் போட்டுவிட்டு விலகினால் அது கையை விட்டுவிடும். ஒரு சைக்கிளுக்காக இன்டிகேட்டர் போடும் பழக்கம் எனக்கு இருந்ததில்லை. இப்போது போடுகிறேன். பின்னால் வருபவர் அதைப் பார்த்து, ஏதோ இருக்கிறது என்று அவரும் விலகுகிறார். அந்தப் பெரியவருக்குத் தெரியாமலே அவரைச் சுற்றி மூன்று நான்கு வண்டிகள் வளைந்து போகின்றன. ஆனால் ரோட்டை அகலப்படுத்தும் வேலை நடக்கும் இடங்களில் பழைய கோடும் புதுக் கோடும் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும்போது நான் அதை அணைத்துத்தான் வைக்கிறேன். ஆடு மாடுகளைக் கண்டுபிடிக்காமல் போகலாம் என்றும் கையேட்டில் போட்டிருக்கிறது. நம் ஊர் ரோட்டில் பாதி அவர்கள்தானே.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குக் கார் என்பது ஓட்டும் பொருள் மட்டுமில்லை, சோறு. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளியே வந்தபோது எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் பேச்சு நின்றுபோனது. மஹிந்திரா சிட்டியில் 2012-லிருந்து இயங்கும் ஆராய்ச்சி மையத்தில்தான், தானே பிரேக் போடும் வசதியோடு 2021-ல் வந்த எக்ஸ்யூவி700 உருவானது. ஜிஎஸ்டி ரோட்டில் கறுப்பும் வெள்ளையுமாகச் சுருள் சுருளாக அச்சடித்த தாளை உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டு, வெளிவராத கார்கள் சோதனைக்காகப் போவதை நாங்கள் அடிக்கடி பார்ப்போம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆசை. உள்ளே மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளைகள் ஒரு வாரம், ரிட்டையரான பஸ் டிரைவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து இந்தத் திருக்கழுக்குன்றம் ரோட்டில் ஓட்ட வேண்டும். அவர் கால் எங்கெல்லாம் அழுந்துகிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

திருக்கழுக்குன்றத்தைத் தாண்டும்போது அப்பா எப்போதும் தேரடிப் பக்கம் ஒரு கும்பிடு போடுவார். சித்திரைத் தேர் அன்று பஸ்ஸைச் சுற்றுவழியில் விடுவார்கள், அவர் டியூட்டி முடிந்து வந்து தேர் பார்ப்பாராம். வடம் பிடிப்பவர்களை எல்லோரும் பார்ப்பார்கள், அவர் பார்ப்பது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்களை. அத்தனை பெரிய தேருக்கு ஸ்டீயரிங்கும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. ஓடும் சக்கரத்துக்கு அரையடி தள்ளிக் குனிந்து, எந்தச் சக்கரத்தில் எந்தக் கோணத்தில் கட்டையைச் செருகுகிறார்கள் என்பதில்தான் தேர் தெருமுனை திரும்புவதும், வீட்டுத் திண்ணையில் ஏறாமல் நிற்பதும். பேச்சில் நாம் 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்றால் கெடுக்கிறான் என்று அர்த்தம். தேரைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் அந்தச் சொல்லை அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்றார் அப்பா. அந்தக் கட்டைக்காரர் தன் காலை அங்கே வைத்திருக்கிறார். தேர் தவறினால் அவர் மேல்தான் முதலில் ஏறும்.

பீப்புக்கும் அப்பாவின் "பாத்து"வுக்கும் எனக்குப் புரிந்த வித்தியாசம் இதுதான். கார் எச்சரித்துவிட்டுக் கைகழுவிக்கொள்ளும், பொறுப்பு ஓட்டுநருடையது என்று கையேட்டின் பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறது. அப்பாவின் கால் என்னோடு சேர்ந்து அழுந்துகிறது. இது தெரிந்தபிறகும் எனக்குக் கோபம் முழுசாகப் போய்விடவில்லை. ஆனால் "தெரியும்ப்பா" என்று வாய் வரை வந்த சொல்லை இப்போதெல்லாம் பாதி நாள் "சரிப்பா" என்று மாற்றிவிடுகிறேன்.

அத்தை வீட்டுச் சந்தில் இரண்டு பக்கமும் சிற்பக் கூடங்கள். பாதி செதுக்கிய நந்திகள், கருங்கல் பலகைகள், சாய்த்து வைத்த தூண்கள். ரிவர்ஸில்தான் உள்ளே போக முடியும். கியரைப் போட்டதும் கார் எல்லாப் பக்கமும் கல்லைக் கண்டு, இடைவிடாமல் கத்த ஆரம்பித்தது. திரையில் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள். போன ஞாயிறு அப்பா பெல்ட்டைக் கழற்றிவிட்டு, முட்டியைப் பிடித்தபடி இறங்கினார். வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போய் நின்றார். பக்கத்துக் கூடத்தில் உளிச் சத்தம் நின்றது. நான் திரையிலிருந்து கண்ணை எடுத்து, பக்கக் கண்ணாடியில் அவர் கையைத் தேடினேன். டிக்கியில் உள்ளங்கை விழுந்தது.

"வா... வா... இன்னும் வாம்மா... வா..."

தட்டல் நெருங்கிக்கொண்டே வந்தது.

"ஹோல்டான்."