மயிர்க்கூச்சு

மார்கழி விடியலிற் கிணற்றடியில் முதல்வாளித் தண்ணீர் தோளில் விழும்போது நமது கைமயிர் குத்திட்டு நிற்கும். சிறிதுபோது கழித்துக் கோயிலிலே திருவெம்பாவை ஓதக் கேட்கும்போதும் அம்மயிரே அவ்வாறே நிற்கும். முன்னையதைக் குளிர் என்கின்றோம். பின்னையதைப் பத்தி என்கின்றோம். தோலுக்கு இவ்விரண்டும் வெவ்வேறோ?

உடல்நூலார் வேறல்ல என்பர். மயிரின் அடியில் நுண்ணிய தசையொன்று உளது. நமது இச்சைக்கு அடங்காத நரம்புகள் அதனைச் சுருக்க, மயிர் நிமிர்ந்து தோல் புள்ளிபுள்ளியாய்ப் புடைக்கும். அடர்ந்த மயிருடைய விலங்குகட்கு இதனாற் பயனுண்டு. நிமிர்ந்த மயிரிடையே காற்றுத் தங்கிக் குளிரைத் தடுக்கும். நாயைக் கண்ட பூனை மயிர்சிலிர்த்துத் தன்னைப் பெரிதாக்கிக் காட்டும். சார்ள்ஸ் டார்வின் மெய்ப்பாடுகளைப்பற்றி 1872இல் வெளியிட்ட நூலில் இதனை விரித்துரைத்தார். மயிர் குறைந்த மனிதனுக்கோ இஃது உழவை விட்டவன் வீட்டுக் கலப்பை போல்வது. முற்றும் பயனற்றதென்றலும் ஆகாது. அத்தசையும் நரம்பும் புதுமயிர் முளைத்தற்குத் துணையாதலை 2020இல் எலிகளிடத்துக் கண்டனர். நினைத்த மாத்திரத்தே மயிர்சிலிர்க்க வல்லாரும் சிலர் உளராம். அத்தகையார் கூட்டத்திற் பத்தராய் விளங்குதல் எளிது!

பத்தியைத் தசையாக்கினீரே என்று நேயர் சிலர் வருந்துவர். பரதரின் நாட்டிய சாத்திரம் உரோமாஞ்சத்தைச் சாத்துவிக பாவங்கள் எட்டனுள் ஒன்றாக வைத்து, அது மகிழ்ச்சியாலும் அச்சத்தாலும் கோபத்தாலும் குளிராலும் தோன்றும் என்கின்றது. மகிழ்ச்சியையும் குளிரையும் ஒருவரிசையில் வைத்தற்கு முன்னோர் கூசினாரல்லர்.

நாம் மிஷன் பாடசாலையிற் கற்ற நாளில், மாலை வழிபாட்டிற் பலர் ஒருங்கு பாடிய பாட்டொன்றைக் கேட்டு நமது கைமயிர் சிலிர்த்தது. நாமோ நீறணிந்த வீட்டுப்பிள்ளை. யாரேனும் கண்டுவிடுவரோ என்று சட்டைக்கையை இழுத்து மூடினோம். நம்மையறியாமலே மதம் மாறிவிட்டோமோ என்று அன்றிரவு உறங்கிலேம். பல குரல்கள் சடுதியில் ஒன்றாய் எழுந்தமைக்கே மயிர் நிமிர்ந்தது என்று இன்று எண்ணுகின்றோம். உடல் சாட்சி சொல்லிற்று. எதற்குச் சாட்சி என்பதை மட்டும் சொல்லிற்றில்லை.

அதனினும் நம்மை வருத்துவது வேறொன்று. நம்மோடு கற்பித்த ஆசிரியர் ஒருவரிடத்து, எத்துணை உருக்கமான தேவாரம் கேட்டபோதும் சிலிர்ப்போ கண்ணீரோ நாம் கண்டதில்லை. கல்நெஞ்சர் என்று பிறரிடம் சொல்லியும் திரிந்தோம். ஒருநாள் நண்பகலிற் பரீட்சைத்தாள் வாங்க அவர் வீட்டுக்குச் சென்றோம். பதினோராண்டாய்ப் படுக்கையிற் கிடந்த தாயாருக்கு அவர் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். வாய் துடைத்து, முதுகிற் புண் விழாதபடி மெல்லத் திருப்பிக் கிடத்தி, அதன்பின்னரே நம்மை இருக்கச் சொன்னார். தாயாரைப்பற்றி ஒரு நாளேனும் அவர் பாடசாலையில் வாய்திறந்தாரல்லர்.

தாளை வாங்கிக்கொண்டு முற்றத்தில் இறங்கினோம். வெயில் கடுமையாய் எறித்தது. நமது கைமயிர் குத்திட்டு நின்றது.