கடன் தீர்ந்த பிறகே பாகம்



மௌத்து யாருக்கும் தவணை சொல்லிவிட்டு வருவதில்லை. குடும்பத் தலைவர் கண்ணை மூடினால் நல்லடக்கம் செய்கிறோம். கத்தம் ஓதி, ஊரழைத்துச் சோறு போடுகிறோம். அந்தச் செலவு எத்தீம்களின் பங்கிலிருந்து போகிறதா என்று கேட்பாரில்லை. மர்ஹூம் விட்டுச்சென்ற கணக்கைப் புரட்டவும் ஆளில்லை.

ஸூரத்துன் நிஸாவின் 11, 12ஆம் ஆயத்துகளில் பாகங்களை விவரிக்கும் அல்லாஹுத்தஆலா, வஸிய்யத்தும் கடனும் நிறைவேறிய பிறகே என்று நான்கு முறை கூறுகிறான். முதலில் அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு மூன்றிலொன்றுக்கு மேற்படாத வஸிய்யத்து, அதன் பிறகே வாரிசுகள். கடனோடு வந்த ஒரு ஜனாஸாவுக்கு, அபூகத்தாதா (ரலி) அக்கடனை ஏற்கும்வரை, நாயகம் (ஸல்) அவர்கள் தொழவைக்க முன்வரவில்லை என்றால், கடனின் பாரத்தைச் சிந்தித்துப் பாருங்கள்!

நெகிரி செம்பிலான் தோட்டப்புறக் கடைக்காரர்களாகிய நம் வழக்கம் என்ன? ஜனங்களின் பற்று 555 நோட்டில். சிரம்பான் மொத்த வியாபாரிக்கு நாம் தரவேண்டியதோ நெஞ்சில்! நெஞ்சு நின்றால் கணக்கும் நின்றுபோகும். பிறகு கடையில் இருக்கும் தம்பி, “எல்லாம் என் உழைப்பு” என்பார். உழைப்புக்குக் கூலி உண்டு. ஆனால் பிள்ளைகளுள்ள விதவையின் எட்டிலொரு பாகம் தர்மமல்ல, அவள் ஹக்கு. எத்தீம்களின் பொருளை அநியாயமாக உண்பவர் நெருப்பையே உண்கிறார் என்பது இறைவனின் எச்சரிக்கை.

அரசாங்கக் காரியத்தையும் தள்ளிப்போடலாகாது. நிலமோ கடைவீடோ அடங்கிய, 50 லட்சம் ரிங்கிட்டுக்கு மேற்படாத சொத்துக்கு, 1955ஆம் ஆண்டுச் சிறு சொத்துப் பகிர்வுச் சட்டத்தின்படி மனுச் செய்யலாம். மாவட்ட நில அலுவலகத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். ஊழியர் சேமநிதியில் பெயர் குறிக்கப்பட்ட முஸ்லிம் அப்பணத்துக்குச் சொந்தக்காரர் அல்லர். 1973ஆம் ஆண்டுத் தேசிய பத்வாவின்படி வாரிசுகளிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பாளரே.

ஆகவே, இன்றிரவு கடை அடைத்ததும் ஒரு தாளை எடுங்கள். கொடுக்கவேண்டியது, வரவேண்டியது, பிறர் வைத்த அமானிதம், நிலப் பத்திரம் இருக்குமிடம் யாவும் எழுதி, இரு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி, மனைவியிடமும் சொல்லிவையுங்கள். திருமறையின் மிக நீண்ட ஆயத்தே கடனை எழுதிவைக்கச் சொல்வதுதான்.

பிறர் ஹக்கைச் சுமக்காமல் கபுருக்குச் செல்லும் பாக்கியத்தை ரப்புல் ஆலமீன் நமக்கு அருள்வானாக! ஆமீன்.