கட்ட முடிவதும் கட்டுப்படியாவதும்

ஆண்டுத் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கியதும், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் வாழும் நம் இல்லங்களில் ஒரு கோரிக்கை எழுகின்றது. 'தீம் பார்க்' போக வேண்டும் என்பதே அது. பிள்ளைகள் கேட்கின்றனர், பெற்றோர் கணக்குப் பார்க்கின்றனர், பாட்டன் பாட்டியர், "எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது?" என்று கூறி ஒதுங்கிக்கொள்கின்றனர். ஒதுங்கிக்கொள்வது எளிது. ஆனால் ஒரு நடுத்தரக் குடும்பம் தன் பிள்ளைகளின் மகிழ்ச்சிக்காக எவ்வளவு செலவிடலாம், எந்த எல்லையில் நிற்க வேண்டும் என்பது பணக்கணக்கு மட்டுமன்று, அறக்கணக்குமாகும். ஆதலின் இதனைச் சற்று நின்று எண்ணிப் பார்ப்போம்.

கேளிக்கைப் பூங்கா என்பது சென்னைக்குப் புதியதன்று. 1990களில் தாம்பரத்தை அடுத்துக் கிஷ்கிந்தா தோன்றியபோது ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்தது. பின்னர் நம் பகுதிக்கு அண்மையிலேயே, பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூரு நெடுஞ்சாலையில், செம்பரம்பாக்கத்தருகே குயின்ஸ்லேண்ட் வந்தது. 2025 டிசம்பரில், திருப்போரூரை அடுத்த இள்ளலூரில், ஏறத்தாழ 64 ஏக்கர் பரப்பில், சுமார் 611 கோடி ரூபாய் முதலீட்டில் வொண்டர்லா நிறுவனத்தின் பூங்கா திறக்கப்பட்டது. திறப்பின்போது அறிவிக்கப்பட்ட நுழைவுக் கட்டணம் 1,489 ரூபாயில் தொடங்கியது.

இத்தொகையை ஒரு குடும்பத்தின் வரவு செலவோடு வைத்துப் பார்ப்போம். மத்திய அரசின் 2023-24ஆம் ஆண்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் ஒருவருக்கு ஆகும் சராசரி மாதச் செலவு 8,165 ரூபாய். உணவு, உடை, வாடகை, கல்வி, மருத்துவம் எல்லாம் இதனுள் அடக்கம். நாளொன்றுக்குப் பகுத்தால் 272 ரூபாய். அப்படியானால் 1,489 ரூபாய்ச் சீட்டு என்பது ஒருவருடைய ஐந்தரை நாள் வாழ்க்கைச் செலவு. சலுகை உயரத்தைக் கடந்துவிட்ட இரு பிள்ளைகளுடன் பெற்றோர் இருவரும் சென்றால், சீட்டுக்கு மட்டும் 5,956 ரூபாய். நால்வருக்கான சராசரி மாதச் செலவாகிய 32,660 ரூபாயில் இது ஆறில் ஒரு பங்கினும் மிகுதி. நகரின் மேற்குக் கோடியிலிருந்து தெற்குக் கோடிக்குச் செல்லும் வண்டிச் செலவும், உள்ளே வாங்கும் உணவும் இன்னும் சேரவில்லை.

உணவைப் பற்றித் தனியே ஒரு சொல் கூற வேண்டும். பெரும்பாலான பூங்காக்களில் வெளியுணவைக் கொண்டு செல்ல அனுமதியில்லை. கிழங்கு வகைகளைத் தவிர்ப்போரும், பொழுது சாய்ந்தபின் உண்ணாதோரும் உள்ள நம் குடும்பங்களுக்கு இது கூடுதல் இடர். பொட்டலம் கட்டிய புளிச்சோறும் தயிர்ச்சோறும் ஒரு நாள் பயணத்தை எளிதாக்கிய காலம் இருந்தது. வாயிலில் அதனை நிறுத்திவிட்டால், விலை கூடிய உணவையே வாங்க வேண்டும்; அதுவும் நமக்கு ஏற்றதாக இருக்குமென்பது உறுதியில்லை.

பூங்கா நடத்துவோரின் தரப்பையும் கேட்பதே முறை. நிலத்தின் விலை, இயந்திரங்களின் விலை, நாள்தோறும் செய்ய வேண்டிய பாதுகாப்புச் சோதனை, மின்சாரம், நீரைத் தூய்மைப்படுத்தல், பணியாளர் ஊதியம் ஆகியவை குறைவான செலவுகள் அல்ல. கூட்டம் வருவதோ விடுமுறை நாள்களில் மட்டும். மற்ற நாள்களிலும் பூங்கா இயங்கியாக வேண்டும். வரியும் உண்டு. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது, இத்தகைய பூங்காக்களின் நுழைவுக் கட்டணத்தின் மீது 28 விழுக்காடு விதிக்கப்பட்டது. 2018 ஜனவரியில் அது 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பாதுகாப்பில் சிக்கனம் செய்து கட்டணத்தைக் குறைக்க வேண்டுமென்று நாம் எவரும் கேட்க மாட்டோம். ஆகவே கட்டண உயர்வு முழுவதையும் பேராசை என்று கூறிவிடுவது நேர்மையாகாது.

ஆயினும், கட்டணத்தின் அளவைவிட அதன் அமைப்பே நம்மைச் சிந்திக்க வைக்கிறது. கோயில் திருவிழாவிலும், தீவுத்திடல் பொருட்காட்சியிலும் உள்ளே செல்வதற்கு ஒன்றுமில்லை, அல்லது சிறு தொகை. அதன்பின் ராட்டினத்துக்கு ஒரு சீட்டு, பொம்மைத் தொடர்வண்டிக்கு ஒரு சீட்டு என்று தனித்தனியே வாங்கிக்கொள்ளலாம். கையில் இருப்பதற்கேற்ப, "இரண்டே விளையாட்டு, பிறகு ஒரு டெல்லி அப்பளம்" என்று தந்தை அளவு வகுக்க முடிந்தது. ஏழையும் உள்ளே வர முடிந்தது. எதிலும் ஏறாத பாட்டி, ஓரமாக அமர்ந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்து மகிழ முடிந்தது. இன்றைய பூங்காவிலோ ஒரே சீட்டு. அனைத்தும் அதனுள் அடக்கம். எதிலும் ஏறாத பாட்டிக்கும் சீட்டு வாங்க வேண்டும். அளவு வகுக்கும் உரிமை குடும்பத்தின் கையை விட்டு அகன்றுவிட்டது. வந்தால் முழுவதும் கொடு. இல்லையேல் வராதே என்பதே அதன் பொருள்.

இம்மாற்றம் நம் நாட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டிஸ்னிலாண்டு 1955 ஜூலையில் திறக்கப்பட்டபோது பெரியவர்க்கு நுழைவுக் கட்டணம் 1 டாலர், விளையாட்டுகளுக்குத் தனிச்சீட்டு. அவ்வாண்டு அக்டோபரில், நுழைவும் எட்டு விளையாட்டுகளும் அடங்கிய சீட்டுப் புத்தகம் 2.50 டாலருக்கு விற்கப்பட்டது. 1982இல் தனிச்சீட்டுகள் நீங்கி ஒரே சீட்டு முறை வந்தது. அந்நாட்டின் பொதுவான விலைவாசி 1955க்குப் பின் ஏறத்தாழ 12 மடங்கு உயர்ந்துள்ளது. அக்கணக்கின்படி அச்சீட்டுப் புத்தகம் இன்று 30 டாலர் அளவில் இருந்திருக்க வேண்டும். ஆனால் கூட்டம் மிகுந்த நாள்களில் ஒருநாள் கட்டணம் 200 டாலரைக் கடந்துவிட்டது. செல்வம் மிகுந்த அந்நாட்டிலும் சாதாரணக் குடும்பங்கள் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

அங்கே நிகழ்ந்த மற்றொன்றும் கருதத்தக்கது. காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க 1999இல் டிஸ்னி நிறுவனம் ஒரு முறையைக் கொண்டு வந்தது. அது அனைவர்க்கும் இலவசமாக இருந்தது. 2021இல் அது நீக்கப்பட்டு, பணம் கொடுத்து விரைவு வரிசையில் செல்லும் முறை வந்தது. நம் நாட்டுப் பூங்காக்களிலும் கூடுதல் கட்டணத்துக்குத் தனி வரிசை உண்டு. வரிசை என்பது குழந்தைக்குச் சமுதாயம் கற்பிக்கும் முதற்பாடம். முன்னே வந்தவர் முன்னே செல்வர். பணக்காரர் பிள்ளையும் காத்திருப்பான், கூலிக்காரர் பிள்ளையும் காத்திருப்பான். பள்ளியில் தண்ணீர்க் குழாயருகே நாம் கற்பித்த இப்பாடத்தை, விளையாட்டுத் திடலில் காசு கொடுத்து அழித்துவிடுகிறோம். ஒரு மணி நேரம் வெயிலில் நிற்கும் பிள்ளை, தன்னைக் கடந்து செல்லும் பிள்ளையைப் பார்க்கிறது. அப்போது அது என்ன கற்றுக்கொள்கிறது என்பதையும் கட்டணத்தோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இனி நம் முதற்கேள்விக்கு வருவோம். நடுத்தரக் குடும்பத்தால் இக்கட்டணத்தைக் கட்ட முடியுமா? முடியும். கடன் அட்டை இருக்கிறது. தவணை முறை இருக்கிறது. அலுவலகத்தில் முன்பணம் இருக்கிறது. ஆனால் கட்ட முடிவது வேறு, கட்டுப்படியாவது வேறு. கட்ட முடிகிறதா என்பதை வாயிலில் இருக்கும் சீட்டு விற்பவரே சொல்லிவிடுவார். கட்டுப்படியாகிறதா என்பதை அடுத்த மூன்று மாதங்களின் குடும்ப நோட்டுப் புத்தகமே சொல்லும். பெரியவரின் மருந்து ஒரு வாரம் தள்ளிப்போனதா, ஜூன் மாதப் பள்ளிக் கட்டணத்துக்கு நகை அடகுக்குப் போனதா, தாய் தனக்கு வேண்டிய கண்ணாடியை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்தாரா என்பவையே உண்மையான விலை. இவை எந்தச் சீட்டிலும் அச்சிடப்படுவதில்லை.

மற்றொரு பக்கமும் உண்டு. "ஏழைக்கும் நடுத்தரத்தார்க்கும் எதற்குக் கேளிக்கை?" என்று கேட்போர் உளர். இது கல்நெஞ்சக் கேள்வி. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஆண்டு முழுதும் மாறிமாறி வேலைநேரம் பார்க்கும் தந்தையும், வீட்டையும் வேலையையும் சுமக்கும் தாயும், தம் பிள்ளைகள் தண்ணீரில் துள்ளிக் கூவுவதை ஒருநாள் கண்டு மகிழ விரும்புவது குற்றமாகுமா? மகிழ்ச்சி பிள்ளைகளுக்கு உணவைப் போன்றது. குழந்தையின் விளையாட்டு கல்விக்குப் பகையன்று, துணை என்பதை ஆசிரியப் பயிற்சியில் முதலாண்டிலேயே நாம் படித்தோம். ஆகவே செலவு செய்யாதிருப்பதே அறம் என்று கூற நாம் முன்வரவில்லை.

அப்படியாயின் அளவுகோல் எது? சமணம் இல்லறத்தார்க்கு வகுத்த நோன்புகளுள் போகோபபோக பரிமாணம் என்பது ஒன்று. ஒருமுறை துய்த்ததும் தீர்ந்துவிடுவது போகம். மீண்டும் மீண்டும் துய்க்கத்தக்கது உபபோகம். உணவும் மலரும் முன்னது. உடையும் அணிகலனும் பின்னது. இவற்றுக்கு இல்லறத்தான் தானே ஓர் அளவு வரையறுத்துக்கொள்ள வேண்டும். வாழ்நாள் முழுமைக்கும் வரையறுக்கலாம். ஒரு திங்களுக்கோ ஒரு பருவத்துக்கோ வரையறுத்தாலும் நோன்புதான். துறவியைப் போல் அனைத்தையும் விடு என்று இந்நோன்பு கூறவில்லை. துய்ப்பதற்கு முன்பே அளவை முடிவு செய் என்றே கூறுகிறது. பூங்காச் சீட்டு போகத்துள் அடங்கும்; அன்று மாலையே தீர்ந்துவிடும். அதன் அளவைப் பூங்கா வாயிலில், பிள்ளைகளின் கண்ணீருக்கு நடுவே முடிவு செய்ய இயலாது. சித்திரை மாதச் செலவைத் தை மாதத்திலேயே முடிவு செய்ய வேண்டும்.

இதற்கு மூன்று சோதனைகள் போதும் என்று நாம் கருதுகிறோம். கடன் வாங்காமல் செல்ல முடிகிறதா? வீட்டில் மற்றொருவருக்கு உரியதை எடுக்காமல் செல்ல முடிகிறதா? பக்கத்து வீட்டார் சென்றார்கள் என்பதற்காக அன்றி, நம் பிள்ளையின் விருப்பத்துக்காகச் செல்கிறோமா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் மகிழ்ச்சியோடு சென்று வரலாம். ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் இவ்வாண்டு வேண்டாம்.

அந்த 'வேண்டாம்' என்பதைப் பிள்ளைகளிடம் எவ்வாறு கூறுவது? கணக்கைக் காட்டியே கூறலாம். பத்து வயதுப் பிள்ளைக்குப் பெருக்கலும் வகுத்தலும் தெரியும். பென்சிலும் தாளும் கொடுத்து, "நால்வருக்குச் சீட்டு எவ்வளவு, வண்டிக்கு எவ்வளவு, மாதம் எவ்வளவு சேமித்தால் எத்தனை மாதத்தில் சேரும்?" என்று போடச் சொல்லுங்கள். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லும் நல்ல பாடம் இது. தானே போட்ட கணக்கைப் பிள்ளை மதிக்கும். ஆனால் "பூங்காவுக்குப் பதில் மலைக்கோயிலுக்குப் போகலாம்" என்று ஏமாற்ற வேண்டாம். கோயிலுக்குச் செல்ல வேண்டியது கோயிலுக்காகவே. விளையாட்டுக்கு ஈடாக அதனைக் கொடுத்தால் பிள்ளைக்கு இரண்டின் மீதும் மனக்கசப்பே மிஞ்சும். விளையாட்டுக்கு ஈடு விளையாட்டே. ஆவடியில் பருத்திப்பட்டு ஏரிப் பூங்கா இருக்கிறது. கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம் இருக்கிறது. வண்டலூர் உயிரியல் பூங்கா இருக்கிறது. ஒரு பூங்காச் சீட்டின் செலவில் இவற்றுள் பலவற்றைக் காணலாம்.

வீட்டில் செய்யும் முடிவு வீட்டாரோடு நிற்கும். பள்ளியில் செய்யும் முடிவு அவ்வாறன்று. இதனைச் சற்று அழுத்தியே கூற விரும்புகிறோம். பல பள்ளிகள் ஆண்டுச் சுற்றுலா என்ற பெயரில் இத்தகைய பூங்காக்களுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்கின்றன. 'விருப்பமுள்ளோர் பெயர் கொடுக்கலாம்' என்று சுற்றறிக்கை வரும். வகுப்பில் 40 பிள்ளைகளுள் 33 பேர் பெயர் கொடுத்தபின், எஞ்சிய 7 பேருக்கு அது விருப்பமா? ஆசிரியப் பணியில் நெடுநாள் இருந்த நாம் அந்த எழுவரை நன்கறிவோம். "எனக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது டீச்சர், வாந்தி வரும்" என்பாள் ஒருத்தி. "அன்றைக்கு ஊரில் விசேஷம்" என்பான் மற்றொருவன். வீட்டில் பணமில்லை என்று எந்தப் பிள்ளையும் சொல்வதில்லை. தந்தையின் மானத்தைக் காக்கப் பன்னிரண்டு வயதில் பொய் சொல்கிறது. வாய்மையைக் கற்பிக்க வேண்டிய பள்ளியே அந்தப் பொய்க்குக் காரணமாகிறது. பிள்ளைக்குத் தெரியாமல் கடன் வாங்கிப் பணம் கட்டும் பெற்றோரும் இருக்கின்றனர்.

வகுப்பில் மிகக் குறைந்த வருவாயுள்ள வீட்டாரும் கேட்காமல் கொடுக்கக்கூடிய தொகையே பள்ளிச் சுற்றுலாவின் உச்ச வரம்பாக இருத்தல் வேண்டும். அதற்குள் அடங்காத இடத்துக்குப் பள்ளி செல்ல வேண்டியதில்லை. செல்ல விரும்பும் குடும்பம் தானே சென்றுகொள்ளும். நம் சமுதாயத்தில் ஆசிரியர்களும் பள்ளி நிருவாகத்தில் இருப்போரும் பலர். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் இதனை எடுத்துரைக்க அவர்கள் முன்வர வேண்டும்.

நம் இளைஞர் மன்றங்களும் ஒன்று செய்யலாம். கோடையில் ஒரு நாள், வார நாளாகப் பார்த்து, குழுவினர்க்குரிய சலுகைக் கட்டணம் கேட்டு, ஒரே பேருந்தில் அனைவரையும் அழைத்துச் செல்லலாம். மூடிய உறையில் அவரவர் இயன்றதை இடட்டும். குறைவதை வசதியுள்ளோர் நிறைக்கட்டும். எவர் எவ்வளவு இட்டார் என்பதை எவரும் அறிய வேண்டியதில்லை. உணவுக் கட்டுப்பாட்டைப் பற்றி முன்கூட்டியே பூங்காவாரிடம் பேசிக்கொள்ளவும் குழுவாகச் செல்வது உதவும். வாந்தி வருமென்று பொய் சொல்லும் பிள்ளை நம்மிடையே ஒன்றுகூட இல்லாதிருக்குமாயின், அந்த ஒரு நாள் கேளிக்கை மெய்யாகவே கட்டுப்படியானதாகும்.