யார் கணக்கு?

சிங்கம்புணரியிலிருந்து அண்ணன் மகள் போன் பண்ணினாள். குரலில் அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

"சித்தப்பா, பாப்பாவுக்குப் பத்து மாசம் முடிஞ்சிருச்சு. இன்னும் தவழவே இல்லை. எதிர்வீட்டுப் பையன் எட்டு மாசத்துலயே வாசப்படி தாண்டிட்டான்!"

பின்னாலிருந்து என் அம்மாவின் அதட்டல்: "நீயும் அப்படித்தாண்டி இருந்தே. எல்லாம் தன்னால வரும். போனை வை!"

இந்த வழக்கில் ஜெயித்தது அப்பத்தாதான். இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் குழந்தைகளைக் கவனித்து, உலக சுகாதார நிறுவனம் 2006-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. நல்ல ஆரோக்கியமான குழந்தைகளே முழங்கால் போட்டுத் தவழ ஐந்து மாதத்திலிருந்து பதிமூன்றரை மாதம் வரை எடுத்துக்கொண்டன. நூற்றுக்கு நான்கு தவழவே இல்லை. நேராக எழுந்து நடந்துவிட்டன. தனியாக நடப்பதற்கும் எட்டு மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை அவகாசம் உண்டு.

அப்படியானால் 'எல்லாம் தன்னால வரும்' என்று சும்மா இருந்துவிடலாமா? அங்கேதான் இடிக்கிறது.

சில வருடங்களுக்கு முன், அதே ஊரில் உறவுக்காரர் வீட்டில் ஒரு பையன். குப்புற விழுந்தது, உட்கார்ந்தது, நடந்தது எல்லாம் டாண் டாண் என்று நடந்தது. பல் முளைத்ததற்குப் பல் கொழுக்கட்டை, தெருவெல்லாம் விநியோகம். ஒரு வயது தாண்டியும் பேச்சு மட்டும் வரவில்லை. "அவன் தாத்தாவும் லேட்டாத்தான் பேசினார்" என்றார்கள். மூன்று வயதில்தான் டாக்டரிடம் போனார்கள். காது கேட்கவில்லை.

காது கேட்காத குழந்தையும் முதல் சில மாதங்கள் 'ங்கா' சொல்லும், சிரிக்கும். அதனால் வீட்டில் சந்தேகமே வராது. ஆனால் அந்த அப்பாவுக்கு வந்திருக்கிறது. பின்னாளில் என்னிடம் சொன்னார்:

"ராத்திரி அவன் தூங்கறப்போ பக்கத்துல தட்டைக் கீழே போட்டுப் பார்த்தேண்ணே. அசையலை. பொண்டாட்டிகிட்டகூட சொல்லலை. நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்கன்னு இருந்துட்டேன்."

ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷன் உண்டு. செய்தார்கள். பையன் இப்போது பேசுகிறான். ஆனாலும் அந்த இரண்டு வருடம் போனது போனதுதான்.

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என் மகன் பத்து மாதத்தில் நடந்தபோது, ஆபீஸ் முழுக்க மைசூர்பாகு கொடுத்தவன் நான். ஏதோ நானே நடக்கக் கற்றுக்கொண்ட மாதிரி! இன்று அவன் ப்ளஸ் டூ. பதினைந்து மாதத்தில் நடந்த பிள்ளைகளோடு ஒரே வேகத்தில்தான் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிறான்.

பி.காம். படித்தபோது எங்கள் வாத்தியார் ஒரு தவறை அடிக்கடி சொல்வார். ராமன் கணக்கில் எழுத வேண்டிய வரவைத் தெரியாமல் சோமன் கணக்கில் எழுதிவிட்டால், இருப்பாய்வு சரியாகவே நிற்கும். கூட்டல் இடிக்காது. அதனாலேயே தப்பு கண்ணில் படாது.

பிள்ளை விஷயத்தில் நாம் செய்வது அதுதான். அதன் கணக்கை நம் கணக்கில் எழுதிக்கொள்கிறோம். சீக்கிரம் நடந்தால் நமக்குப் பெருமை, ஊருக்குச் சொல்கிறோம். தாமதமானால் நமக்கு அவமானம், மூடி வைக்கிறோம். மைசூர்பாகு கொடுத்த நானும் தட்டைப் போட்டுப் பார்த்து வாயை மூடிக்கொண்ட அவரும் செய்தது ஒரே தப்பு. எனக்கு நஷ்டம் வரவில்லை, அவ்வளவுதான்.

மாதக்கணக்கு பார்ப்பது தப்பே இல்லை. யாருக்காகப் பார்க்கிறோம் என்பதுதான் கேள்வி. குழந்தைக்காகப் பார்க்கிறவர் எதிர்வீட்டை எட்டிப் பார்க்க மாட்டார். சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் டாக்டரைக் கேட்பார். தவழ்வது ஒன்று மட்டும் தள்ளிப்போனால் பெரும்பாலும் பயமில்லை. பலதும் சேர்ந்து தள்ளிப்போனாலோ, வந்தது மறந்துபோனாலோ, கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ காத்திருக்கக் கூடாது.

அண்ணன் மகளிடம் கேட்டேன். "பாப்பா தனியா உட்காருதா?"

"உட்காருது சித்தப்பா."

"பின்னால நின்னு மெதுவா பேர் சொல்லிக் கூப்பிடு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "திரும்பிப் பார்த்துச் சிரிக்குது!"

"நல்லது. அடுத்த தடுப்பூசிக்குப் போறப்போ தவழாததையும் ஒரு வார்த்தை கேட்டுடு."

"சரி சித்தப்பா... அப்போ அந்த எதிர்வீட்டுப் பையன்?"

"அவனை அவன் அம்மா பார்த்துக்குவா. நீ கதவைச் சாத்து!"